ஆடி மாதத்தில் ஏற்றிய லைப்ரரி

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபி முடிந்த கையோடு, தான் எழுதிய லைப்ரரியை அன்றைக்கே இன்டர்நெட்டில் ஏற்றப்போவதாக என் கணவர் அறிவித்தார். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. வழக்கம்போல் மயிலாப்பூரில் இருக்கும் தன் அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் சமையலறை வரைக்கும் கேட்டது.

"ஆடியில போய் யாராவது புதுசா ஒண்ணை ஆரம்பிப்பாங்களாடா? ஒரு மாசம் பொறுத்தா என்ன குடியா முழுகிப்போயிடும்?"

"இன்டர்நெட்டுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாதும்மா."

"என்னவோ பண்ணு. சொன்னா கேக்கவா போற? முதல்ல பிள்ளையார் சுழி போட்டுட்டு ஆரம்பி."

"போடறேன், போடறேன்" என்று போனை வைத்தார்.

லைப்ரரி என்றதும் அலமாரியும் புத்தகமும் ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் பாஷையில் அது வேறு. ஒருவர் பாடுபட்டு எழுதி வைத்த ஒரு வேலையை மற்றவர்கள் அப்படியே எடுத்துத் தங்கள் ப்ரோக்ராமுக்குள் வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டதையெல்லாம் வாங்கி வைப்பதற்கென்றே இணையத்தில் பொதுக் கிடங்கு ஒன்று இருக்கிறது. யாரும் கொண்டுவந்து வைக்கலாம், யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். காசு என்கிற பேச்சே கிடையாது. "அப்புறம் எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். எனக்கே தெரியும் என்று விட்டுவிட்டார்.

எனக்குத் தெரியும்தான். அவருக்குக் கண் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் இருட்டினால் வண்டி ஓட்டச் சிரமப்பட்டார். அப்புறம் மாடிப்படியில் கால் தடுமாறிற்று. அப்புறம் என் முகம். கிண்டியில் ஒரு கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். அவர் எழுதினதில் தப்பு இருந்தால் அவரிடம் சொல்லாமல் தாங்களே சத்தமில்லாமல் திருத்தினார்கள். அந்த நல்லதனத்தைத் தாங்க முடியாமல்தான் இவராகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வெளியிலும் அதே கதைதான். எங்கள் வீடு தி.நகரில். பாண்டி பஜாருக்குப் போய் அவருக்கு ஒரு சட்டை வாங்கலாம் என்றால், கடைக்காரர் என்னைப் பார்த்து, "சாருக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்பார். சார் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி நிற்பார். சொந்தக்காரர்கள் அவரிடம் பேசும்போது ஜுரத்தில் படுத்திருக்கும் குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரித்துக்கொண்டே "நல்லா இருக்கேன்" என்பார்.

அடையாறில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், திரையில் இருப்பதைக் காதால் கேட்டே கம்ப்யூட்டரில் வேலை செய்யக் கற்றுக்கொண்டார். அந்தக் குரல் பேசும் வேகம் இருக்கிறதே, எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. அவர் அதையும் போதாது என்று இன்னும் முடுக்கிவிட்டுக் கேட்பார். தமிழுக்கு ஒரு குரல், ப்ரோக்ராமுக்கு ஒரு இங்கிலீஷ் குரல். இங்கிலீஷ் குரலுக்குத் தமிழ் எழுத்து வந்தால் ஒன்றும் தெரியாது. கண்டும் காணாத மாதிரி தாண்டிப் போய்விடும்.

தமிழ்க் குரலோடுதான் அவருக்குத் தினமும் மல்லுக்கட்டு. போனில் பேப்பர் வாசிக்கச் சொன்னால், மாலை 6.30 என்று இருப்பதை "ஆறு புள்ளி மூன்று பூஜ்யம்" என்று வாசிக்கும். கி.மீ. என்றால் "கீ, மீ" என்று எலி கத்துகிற மாதிரி கத்தும். "ஆறரைன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா இதுக்கு?" என்று போனைத் திட்டுவார். திட்டித் திட்டி ஒரு நாள் உட்கார்ந்துவிட்டார். எழுத்தில் இருக்கும் எண்ணையும் சுருக்கத்தையும், நாம் வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படி மாற்றிக் கொடுக்கிற ப்ரோக்ராம் ஒன்றை மாதக்கணக்கில் எழுதினார். ஆறரை, ஏழேகால், ஒன்றரை லட்சம், எல்லாம் அழகாக வந்தது. அதுதான் அந்த லைப்ரரி.

ஏற்றுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் நானே ஏத்தணும். உன் கண்ணு வேண்டாம். என்ன ஆனாலும் நீ பார்த்துச் சொல்லக்கூடாது."

"ஏங்க, இதுல என்ன வீம்பு?"

"வீம்பு இல்ல. இதை ஒருத்தன் எடுத்துப் பார்த்தா, மத்தவன் எழுதினதை எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்க்கணும். அதுக்கு நான் மத்தவன் மாதிரி வேலை செஞ்சிருக்கணும். அப்படி என்னால முடியலன்னா விடு, கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்துடறேன்."

சும்மா மிரட்டுகிறவர் இல்லை அவர். சொன்னால் செய்துவிடுவார். காபி கொடுக்கலாமா என்று கேட்டேன். காபி கொடுக்கலாம் என்றார்.

முதல் முட்டுக்கட்டை வாசலிலேயே வந்தது. கிடங்கில் கணக்குத் தொடங்க வேண்டுமானால், நீ மனுஷன்தானா, இயந்திரம் இல்லையே என்று அது சோதிக்குமாம். குட்டிக் குட்டிப் படங்களைக் காட்டி, டிராஃபிக் சிக்னல் இருக்கும் படத்தையெல்லாம் தொடு என்றது. நான் அவர் பின்னால் நின்றுகொண்டு எல்லா சிக்னலையும் பார்த்தேன். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். கண் தெரியாதவர்களுக்கு வேறு வழியும் வைத்திருந்தார்கள். இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் நம்பர் சொல்லும், அதைக் கேட்டு அடிக்க வேண்டும்.

அன்றைக்குப் பார்த்துத்தானா எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற வேண்டும்! லவுட் ஸ்பீக்கர் ஒன்றைக் கரண்ட் கம்பத்தில், சரியாக எங்கள் ஜன்னலுக்கு நேராகக் கட்டியிருந்தார்கள். அம்மன் பாட்டு வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும்படி வந்துகொண்டிருந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் கேட்டார். தப்பு என்றது. மறுபடி கேட்டார். மறுபடி தப்பு. நீ மனுஷன் இல்லை என்று ஒரு இயந்திரம் என் புருஷனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்வதில் கண் உதவி ஒன்றும் இல்லையே என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மைக் செட்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் பாட்டை நிறுத்த முடியுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாக்கா, ஆடி ஞாயித்துக்கெழம அதுவுமா வந்து அம்மன் பாட்ட நிறுத்துன்ற?"

விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது, கம்ப்யூட்டர் சொல்லும் நம்பரைக் காதால் கேட்டு அடிக்க வேண்டும், பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன்.

"பரிச்சையா?"

"ஒரு மாதிரி பரிச்சைதான். அவர் எழுதினதை ஊருக்கெல்லாம் இனாமா குடுக்கப் போறாரு. அதுக்குத்தான்."

"துட்டு வாங்காமயா?"

"வாங்காமத்தான்."

"அப்ப நம்ம கூழு மாரின்னு சொல்லு" என்று எழுந்து பாட்டை நிறுத்தினார். இவ்வளவு நாளாக எனக்கு விளங்காததை அந்த மனுஷர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

தெரு கப்சிப் என்று ஆயிற்று. நான் இரண்டு மாடி ஏறியிருப்பேன். லவுட் ஸ்பீக்கர் கரகரத்துத் தொண்டையைச் செருமியது.

"கூழ் வாங்க வந்துகினு இருக்குற தாய்மார்களே! மூணாவது மாடில நம்ம அண்ணன் ஒருத்தரு கம்ப்யூட்டர்ல பரிச்ச எயுதிக்கினு கீறாரு. கண்ணு தெரியாதவரு. காதால கேட்டுத்தான் எயுதணும். அதுனால தயவுசெஞ்சு யாரும் சத்தம் போடாதீங்க. சொம்பு, தூக்கு எல்லாம் சத்தம் வராம புடிச்சிக்கோங்க. ஆட்டோக்காரங்க ஆரன் அடிக்காதீங்க. மறுபடியும் சொல்றேன், மூணாவது மாடில நம்ம அண்ணன்..."

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது இவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளை நிறுத்தச் சொல்லும்மா! சத்தம் போடாதீங்கன்னு ஊரையே கூட்டறான்!"

பால்கனியிலிருந்து வாயில் விரலை வைத்துக் காட்டினேன். மைக் செட்காரர் மைக்கை அணைத்துவிட்டுத் தன் வாயிலும் விரலை வைத்துக்கொண்டார். கூழுக்கு நின்ற வரிசை முழுக்க மேலே எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றது. இவர் கேட்டார், அடித்தார். சரி, நீ மனுஷன்தான் என்று அது ஒத்துக்கொண்டது. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதுதான் தாமதம், "அண்ணன் பாஸ் பண்ணிட்டாரு!" என்று ஸ்பீக்கர் அலறிற்று. தெருவே கை தட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்கு நிறையக் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் மேலே வந்தன. மனுஷர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று எனக்குக் கண் கலங்கிற்று.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, லைப்ரரியைப் பொட்டலம் கட்டுகிற வேலையை ஆரம்பித்தார். லைப்ரரிக்குப் பெயர் என்ன, எழுதினது யார், எத்தனையாவது பதிப்பு என்கிற விவரமெல்லாம் இங்கிலீஷில் எழுதின சின்ன ஃபைல் ஒன்று அதற்கு வேண்டும். அதைப் படித்துப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பொட்டலம் கட்டும். கட்டச் சொன்னார். முதல் வரியிலேயே ஏதோ தப்பு, கட்ட முடியாது என்று இங்கிலீஷ் குரல் சொன்னது.

முதல் வரிக்குப் போனார். குரல் பெயரை வாசித்தது, பதிப்பை வாசித்தது. எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி கட்டச் சொன்னார். முதல் வரியில் தப்பு.

நான் திரையை எட்டிப் பார்த்தேன். எனக்கு ப்ரோக்ராமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அந்த ஃபைலின் முதல் வரியில் என்ன இருந்தது என்று நன்றாகத் தெரிந்தது. அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளையாக, காலையிலேயே சமர்த்தாக, உச்சியில் தனியாக ஒரு "உ" போட்டு வைத்திருந்தார் என் கணவர். போட்டதையும் மறந்துவிட்டார். இங்கிலீஷ் குரலுக்கோ பிள்ளையாரைத் தெரியாது.

சிரிப்பு வந்தது எனக்கு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அவர் முதல் வரிக்குக் கீழே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்து மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அதே பதில். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. முகம் சுண்டிப்போயிற்று. சட்டை நனைந்திருந்தது. கடைசியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றார்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தோற்றுப்போன குரல். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துவிடும். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் சொல்லிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரை அவர் இனிமேல் திறக்கவே மாட்டார் என்றும் எனக்குத் தெரியும்.

"நான் எங்கேயிருந்து பார்க்கறது? எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்றேன்.

"ஒரு நிமிஷம்தான். ப்ளீஸ்."

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேங்க. நான் பார்க்க மாட்டேன்."

சமையலறைக்குள் வந்து, அடுப்பில் ஒன்றும் இல்லை, வெறும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பாவி, கட்டின புருஷன் கெஞ்சுகிறாரே, இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று என்னையே வைதுகொண்டேன். அவர் கோபத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரை மூடப்போகிறார் என்று நினைத்தேன். மூடவில்லை. அந்த இங்கிலீஷ் குரல் விட்டு விட்டுப் பேசுவது கேட்டது. அப்புறம் ஒரு சத்தம், ஓவென்று.

ஓடினேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"காலி வரியா இருந்தா 'பிளாங்க்'னு சொல்லும்மா இது! எப்பவும் சொல்லும். மேல ஒரு வரியில ஒண்ணுமே சொல்லாம நிக்குது. காலின்னும் சொல்லல, எழுத்தும் சொல்லல. அப்ப அங்க ஏதோ இருக்கு! தமிழ்க் குரலை மாத்திப் போட்டுக் கேக்கறேன்..." மேலே பேச முடியாமல் பொத்தானை அழுத்திக் காட்டினார். தமிழ்க் குரல் கணீரென்று "உ" என்றது.

"எங்கம்மாவை..." என்று பல்லைக் கடித்தார். ஆனால் பிள்ளையாரை அழிக்க மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போவதற்கென்று வரிக்கு முன்னால் ஒரு குறி போடுவார்களாம், அதைப் போட்டு அங்கேயே இருக்க விட்டார். பொட்டலம் கட்டியது. ஏற்றினார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று குரல் சொன்னபோது அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "பார்த்தே இல்ல நீ, அந்த 'உ'வை?" என்றார். "பார்க்கவே இல்லை" என்று புளுகினேன்.

அதற்கப்புறம் பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் எழுந்ததும் யாராவது எடுத்திருக்கிறார்களா, எழுதியிருக்கிறார்களா என்று குரலை விட்டுக் கேட்பார். இல்லை. ஆடி முடிந்தது. மாமியார் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

ஆவணியில் ஒரு நாள் காலையில் யாரோ முன்பின் தெரியாத ஒரு ஆள் எழுதியிருந்தார். எந்த ஊர், என்ன வயசு, ஒன்றும் தெரியாது. தமிழ்க் குரல் அதை நிதானமாக வாசித்தது. அந்த ஆள் தன் கடை அறிவிப்பைக் குரலில் சொல்ல இவருடைய லைப்ரரியை எடுத்துப் போட்டிருக்கிறார். அது கடையின் போன் நம்பரைத் தொகை என்று நினைத்து, தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடியே இத்தனை லட்சம் என்று வாசித்திருக்கிறது. "வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள். சோதித்துக்கூடப் பார்க்காமல் இதைப் பொதுவில் போட உங்களுக்கு வெட்கமாக இல்லையா? பொறுப்பு வேண்டாமா? தெரியாவிட்டால் எதற்கு இந்த வேலை?" என்று முடித்திருந்தார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிற்று. "யாருங்க இவன்? காசு குடுத்தா வாங்கினான்? ஓசியில எடுத்துட்டு வாய் வேற பேசறானா? இருங்க, நான் போடறேன் பதில்!"

அவர் அதை மறுபடி வாசிக்க வைத்தார். வெட்கமாக இல்லையா, பொறுப்பு வேண்டாமா. இன்னொரு தடவை. முகம் பூராவும் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"அவன் சொல்றது சரிதான். போன் நம்பரை நான் யோசிக்கவே இல்லை. இன்னிக்கே திருத்தி அடுத்த பதிப்பு போட்டுடறேன்."

"திருத்துங்க. அதுக்கு இப்படியா திட்டறது?"

"திட்டட்டும்" என்றார். "மூணு வருஷமா என்னை யாராவது திட்டினாங்களா சொல்லு. நீகூட என்னைத் திட்டறதே இல்லை."

உண்மைதான். நானா? பால்காரர், இஸ்திரிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஒருவரையும் விட்டுவைக்காத நான், கல்யாணமான நாளிலிருந்து காலையில் இவரை ஒரு பாட்டம் திட்டாமல் வேலைக்கு அனுப்பாத நான், எப்போது நிறுத்தினேன் என்றே ஞாபகம் இல்லை. கடைக்காரர், கம்பெனிக்காரர், சொந்தக்காரர் எல்லோரையும் மனசுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டே, நானும் அதே மெல்லிய குரலில்தான் இவரோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டிருந்தார். தினமும் போடுவார். தினமும் நான் வாய் பேசாமல் எடுத்துக் கொடியில் போடுவேன். அன்றைக்கு எடுக்கவில்லை.

"ஏங்க!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டேன். "மெத்தைமேல ஈரத் துண்டைப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லித் தொலைக்கறது? கொடி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது? உங்க துண்டை எடுத்துப் போடறதுக்குன்னே எங்க வீட்டுல என்னைப் பெத்துப் போட்டாங்களா?"

ஹாலில் நாற்காலி நகர்ந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். மெத்தையைத் துழாவித் துண்டை எடுத்தார். பால்கனிக்குப் போய்க் கொடியில் போட்டு, நுனியை இழுத்து நேராக்கினார்.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டியா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

அன்று மத்தியானம் வரைக்கும் நாங்கள் சண்டை போட்டோம்.